மூன்றாம் நிறுவை

பதுளையில் ரயில் நின்றபோது என் கவலை முழுவதும் மடியிலிருந்த தகரப் பெட்டியின் மேல்தான் இருந்தது. அதில் பஞ்சு சுற்றிய ஊசி மருந்துக் குப்பிகள் பன்னிரண்டு, ஒரு கேமரா, நான்கு பிலிம் சுருள், இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு புகைப்படம். கரையிறங்கிய இடத்தில் சுங்க அதிகாரி ஒருவர் ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீங்கள் டாக்டரா?" என்று கேட்டார். "இல்லை, கணக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவருடைய சந்தேகம் அதிகமாயிற்று.

எங்கள் ஊர் துறையூர்ப் பக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கணிதத்தில் முதல் வகுப்பு. சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடலியல் பிரிவில் வேலை. நரம்பு தன் செய்தியை அடுத்த இடத்துக்கு எப்படிக் கொடுக்கிறது என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. மூளைக்குள் அப்படிப்பட்ட இணைப்புகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றைத் தனியாகப் பிடித்துப் பார்க்க வழியில்லை. அதனால் தவளைக் காலில், நரம்பு தசையோடு சேரும் இடத்தைப் பார்க்கிறோம். சேரும் இடம் என்று சொல்வதும் சரியில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. நரம்பு ஒரு மருந்தைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக அந்த இடைவெளியில் வீசுகிறது. ஒவ்வொரு பொட்டலமும் தசையில் ஒரு சிறு மின் மேடாக விழும். அந்த மேடுகளை ஓடும் பிலிமில் படம் பிடிப்பார்கள். லென்சை வைத்து அவற்றை அளப்பதும், எத்தனை பொட்டலம் போயிற்று, கையிருப்பு எவ்வளவு வேகத்தில் குறைகிறது, ஓய்வில் எவ்வளவு வேகத்தில் நிரம்புகிறது என்று சமன்பாடு போடுவதும் என் வேலை.

அந்தச் சமன்பாடுதான் என்னை இலங்கைக்குக் கொண்டுவந்தது.

பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பேராசிரியரிடம் சென்னையில் படித்தவர். குடையோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். "என்ன பிள்ளை, குளிருதோ? சுவெற்றர் ஒண்டும் கொண்டு வரேல்லையோ?" என்றார். டிசம்பர் மாதத்துத் துறையூர்க் குளிருக்கு எடுத்த சால்வை ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அது இந்த ஊருக்குக் கைக்குட்டை.

அவர் வீட்டில் இடியப்பமும் சொதியும் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இடியாப்பம் என்றால் அது பண்டிகைப் பலகாரம். இங்கே அது ராச்சாப்பாடு. நான் நான்காவதை எடுக்கும்போது டாக்டர் விஷயத்துக்கு வந்தார்.

கொஸ்லந்தைக்கும் பூனாகலைக்கும் நடுவே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் (பெயர் எழுதப் போவதில்லை) கொழுந்து பறிக்கும் ராமாயி என்ற பெண். கணவர் இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்களாம். இமை இரண்டும் விழுந்து கிடந்தன, பேச்சு மூக்கால் வந்தது, கையைத் தூக்க முடியவில்லை. மறுநாள் காலையில் எழுந்து தலைசீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போதாமல் போகும் அபூர்வ நோய் ஒன்று உண்டு. உழைக்க உழைக்க வலு போகும், ஓய்வெடுத்தால் திரும்பும். அதுதான் என்று டாக்டர் நினைத்தார். தோட்டத்தில் நடிப்பு என்றார்கள்.

தோட்டத்தில் ஒரு நாளைக்கு மூன்று முறை கொழுந்து நிறுப்பார்கள். ராமாயியின் ஒரு மாத நிறுவைகளை டாக்டர் சென்னைக்கு அனுப்பியிருந்தார். நோய் அதுவானால் மூன்றாம் நிறுவை விழுந்தாக வேண்டும். ஒவ்வொன்றையும் உழைத்த மணிநேரத்தால் வகுத்துப் பார்த்தேன். விழவில்லை. காலையில் எவ்வளவோ அவ்வளவே மாலையிலும். 'கணக்கின்படி இவருக்கு அந்த நோய் இருக்க வாய்ப்பில்லை' என்று ஒரு பக்கம் எழுதினேன். கீழே என் பெயர் தட்டச்சில் வந்தது. என் பெயரைத் தட்டச்சில் பார்த்தது அதுவே முதல் முறை.

"அந்தக் கடதாசியை நான் தோட்டத்துக்குக் காட்டிட்டன்" என்றார் டாக்டர். "சென்னையில என்ன சொல்லுகினம் எண்டு தோட்டத்துத் துரை கேட்டார். நான் மறைக்கேலாது."

"அவர் என்ன செய்தார்?"

"கந்தோரில ஃபைல் பண்ணி வைச்சிருக்கிறார். மாசக் கடைசிக்குள்ள வேற சான்று வராட்டில் வேலைப் பதிவில அவளின்ர பேரை வெட்டுறதாம். பேர் போனா தோட்டம் குடுத்த லயத்து அறையும் போம்."

மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. இலையில் மிச்சமிருந்த இடியப்பத்தை என்னால் சாப்பிட முடியவில்லை. "நேர போய்ப் பாத்திட்டு வா" என்றுதான் பேராசிரியர் என்னை அனுப்பியிருந்தார். என் காகிதம் எனக்கு முன்னே போய் உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் தோட்டத்து லாரியில் ராமாயி வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். எண்ணெய் வைத்துக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, பூ வைத்திருந்தாள். டாக்டர் இமையைப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், எண்ணச் சொன்னார். ஐம்பது வரை தெளிவாக எண்ணினாள். ஒரு குறையும் இல்லை. கூட வந்த கங்காணி மனைவி பெருமையோடு சொன்னார்: "இந்தியாவுல இருந்து ஆளு வர்றாங்கன்னு ரெண்டு நாளா இவள வேலைக்கே விடலீங்க. நல்லா தூங்க வச்சு, கஞ்சி குடுத்து, தெம்பாக் கூட்டியாந்திருக்கோம்."

நோய் அதுவானால் நான் கொண்டுவந்த மருந்து போன வலுவைக் கொஞ்ச நேரம் திருப்பித் தரும், ஆனால் திருப்ப இங்கே ஒன்றும் போயிருக்கவில்லை. டாக்டர் கையிலிருந்த ஊசியை மறுபடி டப்பாவில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நோயாளியை டாக்டருக்குக் காட்ட நல்ல நிலையில் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் ஊரிலும் நினைப்பார்கள். என் அம்மாவும் அதையேதான் செய்திருப்பாள்.

"மலையில வச்சுத்தான் பார்க்கணும். வேலை முடியற நேரத்துல" என்றேன்.

"எனக்கு வார்டை விட்டிட்டு வரேலாது. தோட்டத்து டிஸ்பென்சர் ஊசி போடுவார். ஆனா கவனம் பிள்ளை. களைக்க வைச்சுப் பாக்கிறது விளையாட்டில்லை. விழுங்கேலாமல் போனா, மூச்சு இழுத்தா, படம் பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ."

மூன்றாம் நாள் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னால் மண் சரிந்திருந்தது. மூன்று மணி நேரம் தூறலில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒவ்வொரு மணியும் மாதக் கடைசியிலிருந்து வெட்டியெடுப்பதாக இருந்தது. பின் சீட்டில் இரண்டு சிங்களப் பெண்கள் என்னைப் பார்த்துப் பேசிச் சிரித்தார்கள். பயமாக இருந்தது, இந்த நாட்டில் பஸ்ஸில் தமிழ் பேசுவதற்கே யோசிக்க வேண்டும் என்று கப்பலில் ஒருவர் சொல்லியிருந்தார். பக்கத்தில் இருந்த வாத்தியார் மெல்ல மொழிபெயர்த்தார்: "'இவ்வளவு மெல்லிய சேலையில் யார் இந்தப் பிள்ளையை மலைக்கு அனுப்பினது, வீட்டில் பெரியவர்கள் இல்லையா' என்று கேட்கிறார்கள்." அவர்களில் ஒருத்தி எழுந்து வந்து தன் தோள் துண்டை என் கழுத்தில் சுற்றிவிட்டுப் போனாள். பஸ் நகர்ந்தபோது துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டாள்.

டிஸ்பென்சர் ஆரோக்கியம் வீட்டில் தங்கினேன். தேங்காய் ரொட்டியும் மாசி போட்டு இடித்த சம்பலும் வைத்தார்கள். மாசி என்றால் கருவாடு என்று முதல் வாய்க்குப் பிறகுதான் சொன்னார்கள். இரண்டாவது ரொட்டியையும் கேட்டு வாங்கினேன்.

நான்காம் நாள் விடியுமுன் தப்பு மேளச் சத்தம் கேட்டது. பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து, இன்னார் இன்ன மலை, இன்னார் இன்ன நிரை என்று அனுப்பினார்கள். என் ஊர்ப் பேச்சு அப்படியே காதில் விழுந்தது. கடல் தாண்டி வந்து துறையூர்ச் சந்தையில் நிற்பது போலிருந்தது. கங்காணி என்னிடம், "எந்த ஊருங்க? யாரு வீடு?" என்றார். ஊரை மட்டும் சொன்னேன்.

ராமாயியின் நிரைக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தோடு நின்றேன். நிமிடத்துக்கு எத்தனை முறை கை கொழுந்துக்குப் போகிறது என்று எண்ணுவதாகத் திட்டம். இரண்டு கையும் பறித்துத் தோளுக்கு மேல் பின்னால் கூடைக்குள் எறியும். முதல் நிறுவை வரை என்னால் எண்ணவே முடியாத வேகம். பத்து மணிக்குப் பிறகு எண்ண முடிந்தது. மதியத்துக்குப் பிறகு சுலபமாக எண்ண முடிந்தது. இரண்டு மணிக்கு ராமாயி ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பறித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, விழும் இமைக்குக் கீழே பார்த்தாள்.

சமன்பாடு சொன்னபடியே கை விழுகிறது. அப்படியானால் நிறுவை ஏன் விழவில்லை?

பதில் பத்து நிமிடத்தில் கிடைத்தது. மேல் நிரையிலிருந்த மீனாச்சி இறங்கி வந்தாள். ராமாயியைக் கடக்கும்போது தன் கூடையிலிருந்து இரண்டு பிடி எடுத்து அவள் கூடையில் போட்டாள். நிற்கவில்லை, பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழ் நிரையிலிருந்து செல்லம்மா. பிறகு இன்னொருத்தி. ஒரு மாதமாக நான் வகுத்துப் பார்த்தது ஒருத்தியின் உழைப்பை அல்ல, நான்கு பேருடையதை. அவர்கள் எவ்வளவு குறைகிறது என்று கூடையைக் கண்ணால் பார்த்தே அவ்வளவும் சரியாக நிரப்பியிருக்கிறார்கள். என் கணக்கு தேடிய பள்ளத்தை எனக்கு முன்பே மூடிவிட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நிறுவை முடிந்து லயத்துக்குத் திரும்பும் வழியில் மீனாச்சியிடம் கேட்டேன்.

"ஆமா, போட்டோம். அதுக்கென்னாங்க?" என்றாள். "கொறஞ்சா அரைப்பேரு போடுவாங்க. அரை நாள் கூலி. அதுல ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு அவ என்னா திம்பா?"

"நீங்கள் போட்டதால்தான் அவளுக்கு நோய் இல்லை என்று நான் எழுதிவிட்டேன்."

"எழுதுனது நீங்க. எங்கள ஏன் டீச்சரம்மா சொல்றீங்க?"

நான் டீச்சர் இல்லை என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

அன்று இரவு ராமாயியின் அறையில் கொழுந்து போட்ட மூவரும் கூடினார்கள். பாலில்லாத சாயத் தண்ணியும் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தார்கள். கொண்டுவந்த புகைப்படத்தை எடுத்துக் காட்டினேன். வெளிநாட்டில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த நரம்பு நுனி. நுனிக்குள் வட்ட வட்டமாகச் சின்னப் பைகள், கீழே இடைவெளி, அதற்கும் கீழே மடிப்பு மடிப்பாகத் தசை. ராமாயி அதை விளக்கருகில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"கொழுந்துச் சாக்கு அடுக்குன மாதிரி இருக்கு" என்றாள். "இம்புட்டு இருக்கே. பொறவு எனக்கு மட்டும் ஏன் பத்தல? எனக்குச் சாக்கு கொறைச்சலா, இல்ல அந்தப் பக்கம் வாங்கிக்க ஆளு இல்லியா?"

எங்கள் பிரிவில் அப்போது எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான். "தெரியவில்லை. யாருக்கும் இன்னும் தெரியாது" என்றேன். முதல் வகுப்பு வாங்கிய எனக்கு அதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நாளைக்கு ஒருவரும் அவள் கூடையில் போடக்கூடாது, வலு போகும் வரை தனியாகப் பறிக்க வேண்டும், போன பிறகு ஊசி போட்டுப் படம் எடுப்போம் என்று சொன்னேன்.

"நல்லாருக்கே" என்றாள் மீனாச்சி. "இவ விழுவா. நீங்க போட்டோ புடிப்பீங்க. நாங்க தூக்கணும்."

"அந்தப் படத்தைக் காட்டித்தான் பேரைக் காப்பாற்ற முடியும்."

"கடதாசியக் காட்டியா? கடதாசின்னாலே எங்களுக்கு ஆவாதும்மா. இந்த நாட்டுல பொறந்து வளந்தவங்கதான். பிரஜா உரிமைக்கு மனு எழுதிப் போட்டோம். எங்களுக்கு நாடு இல்லேன்னு ஒரு கடதாசி வந்துச்சு. பொறவு உங்க கடதாசி வந்துச்சு."

செல்லம்மா சாயத் தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மா முகத்தப் பாரு, விடு மீனாச்சி" என்றாள்.

ராமாயி படத்தை அட்டைக்குள் வைத்துக் கட்டினாள். "நாளைக்கு ஒருத்தரும் போடாதீங்கக்கா. பிச்சை வாங்கிப் பேரு போட்டுக்கிட்டது போதும். என்னான்னு ஒரு முடிவு தெரியட்டும்" என்றாள்.

ஐந்தாம் நாள் போல் நீளமான நாள் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஆரோக்கியம் ஊசியையும் ஸ்பிரிட் விளக்கையும் எடுத்துக்கொண்டு மலையடியில் உட்கார்ந்திருந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நோயாளியைக் களைக்க வைத்து, அவள் களைப்பதை எண்ணுகிறேன். தவளைத் தசை பிலிமில் ஓயும்போது நான் ஒரு தடவையும் எண்ணுவதை நிறுத்த நினைத்ததில்லை. மீனாச்சியும் செல்லம்மாவும் தங்கள் நிரையில் கூடை ததும்ப நின்றார்கள். இரண்டு முறை மீனாச்சியின் கை தன் கூடைக்குள் போய்த் திரும்பியது.

இரண்டரைக்கு ராமாயியின் இடது இமை மூடியது. மூன்று மணிக்கு வலது. பேச்சு மூக்கில் ஏறிற்று. கடிகாரத்தைப் பார்த்தேன், சமன்பாடு இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும் என்று சொல்லியிருந்தது. அது தவளைக்குப் போட்டது. அவள் மலையில் ஏறி இறங்குவதை நான் அதில் சேர்க்கவில்லை. "போதும், வாங்க" என்றேன். கேட்காமல் இன்னும் இரண்டு செடி பறித்தாள். பிறகு தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வாயோரம் எச்சில் வழிந்தது. விழுங்க முடியவில்லை.

நான் ஒரே ஒரு படம் எடுத்தேன். "ஊசி" என்று கத்தியது என் குரல்தான் என்று பிறகு ஆரோக்கியம் சொன்னார்.

ஊசி போட்டு ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பெண்கள் நிரையை விட்டு வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். யாரும் என்னைத் திட்டாதது இன்னும் பயமாக இருந்தது. பத்தாவது நிமிடம் வலது இமை ஒரு கோடளவு எழுந்தது. படம். பதினைந்தில் பாதிக் கண். படம். இருபதில் இரண்டு கண்ணும் திறந்து எதிர்மலையைப் பார்த்தாள். படம். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"அந்த மரம் ஒண்ணுதான் நிக்குதா?" என்று கேட்டாள். குரல் தெளிவாக இருந்தது.

"ஒண்ணுதான்" என்றாள் மீனாச்சி.

"எனக்கு எப்பவும் ரெண்டு நிக்கும்."

மீனாச்சி முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தத் தண்ணி எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்டாள். சில மணி நேரம்தான், ஆனால் மாத்திரை உண்டு, தினமும் பல வேளை சாப்பிட வேண்டும், பதுளை டாக்டர் கொடுப்பார் என்றேன். "அதத்தானே மொதல்ல சொல்லணும்" என்றாள்.

மூன்றாம் நிறுவையில் ராமாயியின் கூடை மற்றவர்களுடையதில் பாதிகூட இல்லை. கங்காணி தராசைப் பார்த்தார். மீனாச்சியைப் பார்த்தார், செல்லம்மாவைப் பார்த்தார். பிறகு மறுபடி தராசை மட்டும் பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு ஒடம்பு ரொம்ப முடியல போல" என்றார்.

ஆறாம் நாள் பதுளையில் பிலிமைக் கழுவினோம். நான்கு படமும் தெளிவு. டாக்டர் ஈரத்தோடு அவற்றைத் தூக்கிப் பிடித்து வரிசையாகப் பார்த்தார். சான்றிதழை உடனே எழுதினார். எனக்கு மூன்று நாளில் முதல் முறையாகப் பசித்தது.

"ஒண்டு மிச்சம் இருக்கு" என்றார். "உங்கட முதல் கடதாசி அவரின்ர ஃபைலில கிடக்கு. இப்ப வேற சொன்னா, ஏன் எண்டு கேப்பார். நிறுவை தோட்டத்தின்ர, கணக்கு உங்கட. எது பிழை எண்டு எழுதித்தான் குடுக்கோணும்."

அவருக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொழுந்தைக் கைமாற்றுவது தோட்டத்தில் பெரிய குற்றம், மூன்று பேரின் பேரும் வெட்டுப்படும் என்றார்.

என் கணக்கு சரி. அதில் ஒரு புள்ளி பிசகில்லை. நான் அளந்த பிலிமைப் பேராசிரியர் மறுபடி அளப்பதில்லை; அந்தப் பிரிவில் அவருக்கு அந்த நம்பிக்கை என் மேல் மட்டும்தான். டாக்டரின் மேசையில் உட்கார்ந்து, எனக்கு ஏற்ற ஒரு பிழையைத் தேடினேன். சிறிய பிழை போதாது, முடிவே மாற வேண்டும். பெரிய சூத்திரத்தில் பிழை என்றால் விளக்கம் கேட்பார். கடைசியில் ஒன்று கிடைத்தது: 'மூன்றாம் நிறுவைக்கு முன் உழைக்கும் நேரம் மற்ற இரண்டைவிட நீளம் என்பதை நான் கவனிக்கவில்லை. மணிநேரத்தால் வகுக்க மறந்து, எடைகளை அப்படியே ஒப்பிட்டுவிட்டேன். பிழை முழுவதும் என்னுடையது.' ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும் பிழை. கையெழுத்துப் போட்டேன். நகல் பேராசிரியருக்கும் போக வேண்டும் என்றார் டாக்டர். இரண்டாவது தாளிலும் போட்டேன்.

அது தோட்டத்துக்குப் போய்ப் பதில் வரும்வரை எனக்கு உட்காரவும் முடியவில்லை. நிறுவைத் தாள்கள் துரையிடம் இருக்கின்றன. என் பழைய பக்கமும் இருக்கிறது. பென்சிலை எடுத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், நான் முதலிலேயே சரியாக வகுத்திருக்கிறேன் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஏன் பொய் சொன்னேன் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகாது.

மாதக் கடைசி நாள் மதியம் ஆரோக்கியம் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். டாக்டர் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார்.

"பேர் வெட்டேல்லை. அறையும் அவளுக்குத்தான்" என்றார்.

"பழைய பக்கத்தை எடுத்துப் பார்த்தாரா? ஏதாவது கேட்டாரா?"

டாக்டர் தயங்கினார். "ஒண்டும் பாக்கேல்லையாம். நீங்கள் மணித்தியாலத்தை மறந்திட்டீங்கள் எண்டதை வாசிச்ச உடன, பொம்பிளைப் பிள்ளைதானே எண்டு நம்பிட்டாராம்."